தட்டிப் பார்க்கிற டீச்சர்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. டீச்சரின் கொப்பியில் அப்படித்தான் எழுதியிருந்தது: "10.40 – எஞ்சின் சத்தம் மாறியது." அதற்கு முந்திய வரி, "10.25 – கறுப்பு மிதப்பு ஒன்று. தட்டினால் பூசணிக்காய் மாதிரி." அதற்கு அடுத்த வரி, "10.41 – எஞ்சின் நின்றது. பிள்ளைகள் ஐந்து பேரும் சுகம்."

அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் மகள் அஸ்மா. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. படகு என் மனைவியின் தம்பியுடையது. இடம், புத்தளம் களப்பு என்கிற கடல்நீரேரியின் நடு. அந்தப் பத்து நாற்பதுக்கு நான் ஆலங்குடாவில் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, அந்த வாரத்திலேயே முதல் தடவையாக நிம்மதியாகப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள் எல்லாவற்றையும் செய்தாயிற்று என்ற நிம்மதி. அந்த முன்னேற்பாடுகளில் ஒன்றுதான் எஞ்சினை நிறுத்தியது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏழு வருடமாகிறது. இன்றும் நான் ஏறிப் போகிற ஓட்டோவின் சத்தம் கொஞ்சம் மாறினால் இறங்கி நடந்துவிடுகிறேன். ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் பயத்தோடு சேர்ந்து சிரிப்பும் வருகிறது. அதற்கு டீச்சர்தான் காரணம்.

டீச்சர் புத்தளம் டவுன்காரர். தினமும் காலை பஸ்ஸில் நுரைச்சோலைக்கு வந்து ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அபாயாவின் கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பார். அவருடைய பையில் கொப்பி, பேனை, தண்ணீர்ப் போத்தல் இவற்றோடு ஒரு மர அகப்பைக் காம்பும் எப்போதும் இருக்கும். கண்ணில் படுகிற எதையும் அந்தக் காம்பால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்காமல் அவரால் கடந்து போக முடியாது. பஸ் கம்பி, கிணற்றுக் கட்டு, கடைக்காரரின் தராசு, பேக்கரிப் பாணின் அடிப்பக்கம் எதுவும் தப்பாது.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேற்றைத் தட்டினார். மனைவி போய்த் திறந்தாள். டீச்சர் உள்ளே வரவில்லை. கேற்றுக்குப் பக்கத்து மதிலையும் தட்டிக்கொண்டு நின்றார். எங்களை அண்ணன், அக்கா முறையில் நானா, ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, இந்த மதில் உள்ளுக்கு வெத்தா?"

"இல்ல டீச்சர், கல்லு வெச்சுக் கட்டினது" என்றேன்.

"என்னமோ. அது வேற மாதிரிச் சொல்லுது" என்றுவிட்டு உள்ளே வந்து, வந்த விஷயத்தைப் பேசத் தொடங்கிவிட்டார். ஒரு வாரம் நான் பிள்ளைகளை அந்த மதில் பக்கம் போகவிடவில்லை. பிறகு மேசனைக் கூட்டி வந்து ஓரிடத்தில் கொத்திப் பார்த்தோம். நடுவில் கல்லுக்குப் பதில் மணலும் சிரட்டையும் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

கல்யாண வீடுகளில் அவர் பிளாஸ்டிக் கதிரையைத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். ஒரு வலீமா விருந்தில் ஒரு கதிரையைத் தட்டினார், வேண்டாமென்று அடுத்ததற்குப் போனார். அவர் விட்ட கதிரையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பிரியாணி வருவதற்குள் பின்கால் இரண்டும் விரிந்து, மனிதர் மல்லாந்தார். எல்லோரும் தூக்கிவிட ஓடினார்கள். டீச்சர் என் மனைவியின் காதில், "நான் என்ன செய்ற ராத்தா? சொன்னா, எப்பிடித் தெரியுமெண்டு ஆக்கள் என்னயத்தான் கேக்காங்க. கதிரகிட்டக் கேக்க வேண்டியதுதானே" என்றாராம்.

"என்னயக் கேக்காதீங்க, அதுகிட்டக் கேளுங்க." இதுதான் அவருடைய வார்த்தை. எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் இதுதான்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த விஷயம், சனிக்கிழமை வகுப்பு. பாடசாலைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில், வீசிய சாமான்களைக் கொண்டு வாத்தியங்கள் செய்வது. சட்டம் ஒன்றே ஒன்று: கடையில் எதுவும் வாங்கக் கூடாது. பால்மா டின், சைக்கிள் டியூப், தண்ணீர்க் குழாயின் வெட்டுத் துண்டு, சிரட்டை, சோடாப் போத்தல், சார்டின் டின், தங்கூசி என்று நாங்கள் சொல்லும் மீன்பிடி நைலோன் கயிறு. இவற்றைக் கொண்டு வந்தால் போதும். டின்னின் வாயில் டியூப்பை இழுத்துக் கட்டினால் மேளம். எவ்வளவு இழுக்கலாம்? டியூப்பிடம் கேள். கண்ணாடிப் போத்தலும் பிளாஸ்டிக் போத்தலும் ஒரே அளவு, ஒரே அளவு தண்ணீர். தட்டினால் ஏன் ஒன்று பாடுகிறது, மற்றது இருமுகிறது? போத்தலிடம் கேள். அஸ்மா வீட்டுக்கு வந்து கோழிக் கூட்டிலிருந்து என் தலை வரை எல்லாவற்றையும் தட்டினாள். "வாப்பாட தல தேங்கா மாதிரி இல்ல உம்மா, பாண் மாதிரி" என்று தீர்ப்பும் சொன்னாள்.

நான் பயந்த சுபாவக்காரன். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும். ஆகவே முதல் வாரமே டீச்சருக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். டின்னின் விளிம்பு கையை வெட்டும், துருவால் ஏற்பு நோய் வரும், கண்ணாடி உடையும், பழைய பெயின்ட் உடம்புக்குக் கூடாது. மொத்தம் பதினான்கு. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டீச்சர் நின்ற இடத்திலேயே பதினான்கையும் வாசித்தார்.

"நல்ல பட்டியல் நானா. இப்பிடி யோசிக்கிற ஆள் ஒண்டுதான் எனக்குக் கொறச்சல். அப்ப விளிம்பு தேய்க்கிற வேலய நீங்க எடுங்க."

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஸ்மாவின் கையில் ஒரு சாக்கு நிறைய டின்கள் வரும். நான் அலுவலகம் விட்டு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து அரத்தால் விளிம்புகளைத் தேய்ப்பேன். மனைவி வாசலில் நின்று, "சட்டி பான தேய்ச்சுத் தாங்க எண்டா இடுப்பு நோகுது. டீச்சர்ட டின்னுக்கு நோகல்ல என்ன?" என்பாள்.

அந்த வகுப்பில் நடந்தவற்றில் ஊரே சொல்லிச் சிரித்தது எக்ஸ்ரே மேளம். பழைய எக்ஸ்ரே படத்தை டின்னின் வாயில் இழுத்துக் கட்டினால் நல்ல துடிப்பான சத்தம் வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளை தன் பெரியப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை அலுமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். பழசு என்றுதான் நினைத்தாள். அடுத்த திங்கட்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். போன தடவை எடுத்த படத்தையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பிரித்தால் படம் கிழிந்துவிடும் என்ற பயத்தில், அவர் மேளத்தோடேயே பஸ் ஏறிப் போனார். டொக்டர் டின்னின் அடியை வெட்டி எடுக்கச் சொல்லி, மேளத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். பார்த்துவிட்டு விரலால் இரண்டு தட்டும் தட்டினாராம். "நெஞ்சு நல்ல சத்தம் போடுது" என்று சொன்னதாகப் பெரியப்பா சாகும்வரை பெருமையடித்தார்.

இன்னொரு சனிக்கிழமையும் நினைவிருக்கிறது. பலகையில் தங்கூசியை இழுத்துக் கட்டி ஒரு தந்தி வாத்தியம் செய்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் போதவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டினால் இன்னும் நன்றாக வரும் என்றார்கள்.

"கட்டிப் பாருங்க" என்றார் டீச்சர்.

கட்டினார்கள். முறுக்க முறுக்கச் சத்தம் கூர்மையாகி வந்தது. ஒரு கட்டத்தில் படாரென்று பலகை நடுவால் பிளந்தது. கம்பிக்கு ஒன்றுமில்லை.

"எது பெலம்?" என்று கேட்டார்.

"கம்பி டீச்சர்!"

"எது ஒடஞ்ச?"

"பலக."

"அப்ப பெலமான சாமானப் போட்டது நல்லதா, கூடாதா?"

தேய்த்த டின்களைக் கொண்டு வந்திருந்த நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளைகளின் முழியைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

களப்புப் பயணம் பிள்ளைகளின் ஆசை. களப்பின் நடுவே ஒரு மணல் திட்டு இருக்கிறது. காற்று அடித்து ஒதுக்கும் சாமான்கள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். வலை மிதப்புகள், போத்தல்கள், குழாய்கள். படகில் இருபது நிமிடம். படகு வைத்திருந்த என் மச்சான் கூட்டிப்போகச் சம்மதித்தான். பெற்றோர் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். நானும் வைத்தேன். வைத்துவிட்டுப் பயப்படத் தொடங்கினேன்.

ஆலங்குடாக் கடற்கரையில் பட்டம் பிடித்து அலைமேல் ஓடப் பழக்கும் இளைஞர்களிடம் ஏழு மிதவைச் சட்டை இரவல் வாங்கினேன். குடைகள், தொப்பிகள், இரண்டு கலன் தண்ணீர், விசில். எல்லாம் முடிந்தும் மனம் அடங்கவில்லை. மச்சான் அடிக்கடி சொல்லும் ஒரு குறை நினைவுக்கு வந்தது. அவனுடைய சின்ன எஞ்சினில், தண்ணீருக்குள் சுற்றும் விசிறியைத் தண்டோடு பிடித்திருப்பது ஒரு பித்தளைப் பின். அது மாதத்துக்கு இரண்டு முறியும். "வேதனதான். ஆனா பத்து நிமிஷத்துல வேற போட்டுரலாம்" என்பான். ஒரு டின் நிறைய மாற்றுப் பின்கள் படகிலேயே வைத்திருந்தான்.

என் பிள்ளை களப்பின் நடுவில் இருக்கும்போது அது ஏன் முறிய வேண்டும்? அதே அளவில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி ஒன்றை லேத்தில் வெட்டி எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் சாப்பிட்டுத் தூங்கிய நேரம், அவன் வீட்டில் மரத் தாங்கியில் மாட்டியிருந்த எஞ்சினில் பித்தளையைக் கழற்றி உருக்கை மாட்டினேன். எண்ணெய் பூசினேன். துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

விசிறி எதிலாவது மோதினால் உள்ளே இருக்கிற பல்லுச் சக்கரம் தப்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பித்தளை முறிகிறது. அது முறிவதற்கென்றே வைத்த சாமான். மறுநாள் பத்து நாற்பதுக்கு, திரும்பி வரும் வழியில், தண்ணீருக்குள் மறைந்திருந்த பழைய கட்டுவலைக் கம்பு ஒன்றில் விசிறி மோதியது. நான் போட்ட பின் முறியவில்லை. சக்கரத்தின் பற்கள் எல்லாம் போயின.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. மச்சானின் ஃபோன் அவன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. டீச்சரின் ஃபோனுக்கு சிக்னல் இல்லை. சோழகக் காற்று ஏறத் தொடங்கியது. நான் களப்புக் கரைக்கு ஓடினேன். ஒரு மணிக்கு இரண்டு படகுகள் தேடிப் போயின. திட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருவருமில்லை என்று திரும்பி வந்தன. அந்த வார்த்தையை அவர்கள் சொன்ன பிறகு நான் எங்கே நின்றேன், யாரோடு பேசினேன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மனைவி கரையில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும் இடைவெளியில், "நில்லுங்க ஒரு இடத்துல. தல சுத்துது எனக்கு" என்றாள்.

எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. டீச்சர்மேல் பட்டேன். மனதுக்குள் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். "பொருள்: மாணவரை உரிய பாதுகாப்பின்றி நீர்ப்பயணத்தில் ஈடுபடுத்தியமை." இரண்டரை மணிக்கு மூன்றாம் பந்திக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரம் படகில் என்ன நடந்தது என்பது கொப்பியில் இருக்கிறது. பயணம் முடிந்து பல நாளுக்குப் பிறகு டீச்சர் அதை எனக்கு வாசிக்கத் தந்தார். "11.15 – படகு தள்ளும் கோல் நிலத்தைத் தொடவில்லை. காற்று எங்களை வடகிழக்கே கொண்டு போகிறது. 11.30 – படகின் பக்கத்தைத் தட்டினோம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம். ஏன்? 12.10 – பாணும் சம்பலும். 12.40 – ஒரு பிள்ளை அழுதாள். மிதப்புகளை அளவுப்படி அடுக்கும் வேலை அவளுக்குக் கொடுத்தேன். 1.35 – கரையோரக் கண்டல் மரங்கள். படகைக் கட்டினோம். 2.00 – கச்சேரி. 2.50 – ஏச்சு விழுந்தது."

கச்சேரி என்பது, திட்டில் பொறுக்கிய எல்லாவற்றையும் வைத்து அடித்தது. மிதப்பு, குழாய், போத்தல், எஞ்சின் மூடி, எல்லாம். ஏச்சு என்பது, அந்தக் கண்டல் ஓரத்தில் நண்டு வலை போட்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் படகைத் திருப்பிக்கொண்டு வந்து போட்ட சத்தம். அஸ்மா அந்தப் பெண்மணியைப் போலவே செய்து காட்டுவாள். இடுப்பில் கை, தலையில் துவாய்.

"என்ன கூத்து இது? கல்யாண வீடா? மூணு நாளா நண்டு இல்ல, இண்டைக்கு வருது, அதையும் வெரட்டுறீங்க!"

"இல்ல அன்டி, எஞ்சின் பழுது."

"ஐயோ புள்ளைகளே! அத மொதல்ல சொல்றதில்லையா? இதென்ன, எஞ்சின் பழுதெண்டா மேளமா அடிக்கிற?"

அவர்கள்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எதிர்க்காற்றில் மெதுவாக. நாலு இருபத்தைந்துக்குப் படகு கண்ணில் பட்டது. ஆறு செம்மஞ்சள் சட்டை. நான் எண்ணினேன், திரும்ப எண்ணினேன். ஏழாவதை மச்சான் போடாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அஸ்மாவைத் தூக்கினேன். முகமெல்லாம் வெயிலில் சிவந்து கிடந்தது.

"வாப்பா, கண்ணாடி மிதப்பு ஒண்டு கெடச்ச! ஏன் நீங்க ஒரு செருப்பு மட்டும் போட்டிருக்கீங்க?"

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

மச்சான் கரையிலேயே எஞ்சினைப் பிரித்தான். பின்னை உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன? இது என்ட பின் இல்லியே. எந்தப் பைத்தியக்காரன்ட வேல இது?" என்றான். நான் இல்லாத மற்றச் செருப்பைத் தேடத் தொடங்கினேன். மனதில் இருந்த கடிதத்தின் விலாசம் மட்டும் என் பெயருக்கு மாறிவிட்டது.

அவனிடம் நான் சொன்னது அடுத்த வெள்ளிக்கிழமை. சொன்னதும் சிரித்தான். "எண்ணெ பூசித் தொடச்சுப் போட்டிருக்கக்குள்ளயே யோசிச்சன் மச்சான். மெக்கானிக் எவன் இப்பிடித் தொடைக்கிறான்?" என்றான். சக்கரத்தை மாற்ற அவனோடு சேர்ந்து நான்கு சனிக்கிழமை எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தேன். எது முறிய வேண்டும், ஏன் முறிய வேண்டும் என்று பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லித் தந்தது அஸ்மா.

டீச்சர் இரண்டு வருடம் கழித்து மாற்றலாகிப் போனார். எந்தப் பாடசாலையின் கதிரைகளைத் தட்டுகிறாரோ. நான் அவரை நினைக்கும்போது வருகிற முகம் மட்டும் அந்தச் சனிக்கிழமை மாலையின் முகம்.

கரையிலிருந்து அவர் நேரே பஸ்ஸுக்குப் போகவில்லை. மற்ற நான்கு பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, பெற்றோரிடம் நடந்ததைச் சொல்லி, ஏச்சு வாங்கிக்கொண்டு, கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தி மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு. கழற்றிய சப்பாத்து கையில் இருந்தது. அபாயாவின் கீழ்ப்பக்கம் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அஸ்மா உள்ளே கிணற்றடியில் குளித்துக்கொண்டே மிதப்பொன்றைத் தட்டுவது கேட்டது.

"ராத்தா, ஒரு பிளேன்டீ. சீனி கூட்டிப் போடுங்க" என்றார். எதையும் தட்டிப் பார்க்காமல், கிட்ட இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

மனைவி உள்ளே போனாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"டீச்சர், அந்தப் பின்ன மாத்தினது நான்."

"தெரியும் நானா. கரையிலயே அஸ்மா சொன்னா. வெள்ளிக்கிழம வாப்பாட நகத்துல கிரீஸ் இரிந்திச்சாம். மாமாக்கிட்டச் சொல்ல வாணாமெண்டு என்ட கையப் புடிச்சுக்கிட்டா."

பிளேன்டீ வந்தது. டீச்சர் எடுத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்து, கிணற்றடிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நானா, எனக்கு நீந்தத் தெரியா. கணுக்கால் தண்ணியிலயும் எனக்குப் பயம். புள்ளைகளுக்கு மட்டும் சொல்லிராதீங்க."